வால்வு மேல பழி போடாதீங்க! பழைய ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபையர் கத்துத்தரும் பாடம்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று திடீரென்று நின்றுபோனால், ஹாம் ரேடியோ வட்டாரத்தில் முதலில் வரும் பேச்சு: “வால்வு போயிடுச்சு.” அடுத்தது: “புதுசு என்ன விலை?” இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டிய மல்டிமீட்டர் மட்டும் பெரும்பாலும் வருவதே இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்தப் பெட்டிக்குள் பளிச்சென்று எரிந்துகொண்டிருப்பது வால்வு. சாக்கெட்டிலிருந்து கையால் பிடுங்கி மாற்றக்கூடியதும் அதுதான். கண்ணுக்குத் தெரிவதன் மேல் பழி போடுவது மனித சுபாவம். ஆனால் அந்தப் பெட்டியில் விலை அதிகமான பாகங்களில் ஒன்றும் அதுவே. காரணம் தெரியாமல் புது வால்வைச் செருகினால், பழையதைக் கெடுத்த அதே கோளாறு புதியதையும் கெடுக்கும். பாகத்தை மாற்றுவது வேறு, பழுதுபார்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தை வால்வு ஆம்ப்ளிஃபையர் அளவுக்குத் தெளிவாகக் கற்றுத்தரும் கருவிகள் இன்று குறைவு.

முதலில், இது என்ன பெட்டி?

அரசு உரிமம் பெற்று, லாப நோக்கம் இல்லாமல், சொந்தமாக வானொலி நிலையம் வைத்து உலகம் முழுக்கப் பேசுபவர்கள் ஹாம்கள். அவர்கள் மேஜையில் இருக்கும் சாதாரண ரேடியோ 100 வாட் பவர் கொடுக்கும். அதற்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்த 100 வாட்டைப் பல மடங்காக்கும் பெட்டிதான் ஆம்ப்ளிஃபையர். குரலின் வடிவத்தைச் சிதைக்காமல் அப்படியே பெரிதாக்க வேண்டும் என்பதால் ஹாம்கள் இதை ‘லீனியர்’ என்பார்கள்.

உள்ளே வேலை செய்வது, தாத்தா காலத்து ‘வால்வு ரேடியோ’வில் இருந்த அதே தத்துவம். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவைக்குள் ஃபிலமென்ட் சூடாகி எலெக்ட்ரான்களை உமிழும். அவை உயர் மின்னழுத்தம் உள்ள பிளேட்டை நோக்கி ஓடும். நடுவில் ஒரு கம்பி வலை, அதாவது கிரிட். ஃபிலமென்ட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே வரும் சின்ன மாற்றம், ஓடும் கரன்ட்டைப் பெரிதாக மாற்றும். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்தார். அதன்பின் வந்த வானொலி உலகம் முழுக்க அதன் மேல் எழுந்ததுதான்.

பத்து மடங்கு பவர், ரெண்டு பாயின்ட்கூட இல்லை

லீனியர் வாங்கும் ஆசை வந்தால் முதலில் போட வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு பாயின்ட் ஏற 6 டெசிபல் தேவை. 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு பவர். 100 வாட்டை 1,000 வாட் ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல். அதாவது எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில் இரண்டு பாயின்ட்கூட முழுசாக ஏறாது.

அமெரிக்காவில் ஹாம்களுக்கு அதிகபட்சம் 1,500 வாட் அனுமதி. இந்தியாவில் பொது கிரேடு உரிமம் வைத்திருப்பவருக்குச் சிற்றலையில் 400 வாட். 100-லிருந்து 400 என்றால் சரியாக ஒரே ஒரு எஸ் பாயின்ட். இந்த ஒரு பாயின்ட், இரைச்சலில் மூழ்கும் குரலைக் கரையேற்றும் தருணங்கள் உண்டு. ஆனால் தாழ்வாகக் கட்டிய ஆன்டெனாவை உயர்த்தினாலே அதே லாபம் கிடைக்கலாம். அதுவும் பேசுவதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும் சேர்த்து. ஆம்ப்ளிஃபையர் காது கொடுக்காது, வாய் மட்டும்தான் கொடுக்கும். ஆகவே முதலில் ஆன்டெனா, பிறகுதான் ஆம்ப்ளிஃபையர்.

ஒரு உதாரணம்: ஹீத்கிட் எஸ்.பி.-220

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்த ஹீத்கிட் நிறுவனத்தின் எஸ்.பி.-220, 1970-களில் ஹாம்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்ட ஆம்ப்ளிஃபையர். பாகங்களும் கையேடும் பெட்டியில் வரும். சால்டரிங் எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. இன்றும் உலகம் முழுக்க இது ஓடுகிறது, பழுதாகிறது, திரும்ப ஓடுகிறது. பழுதுபார்ப்பதைக் கற்க இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம்.

உள்ளே 3-500 இசட் என்ற இரண்டு வால்வுகள். இந்த வால்வை உருவாக்கிய ஐமாக் நிறுவனத்தை 1934-ல் தொடங்கிய ஐட்டலும் மெக்கல்லாவும் ஹாம்களே. ஒவ்வொரு வால்வின் ஃபிலமென்ட்டும் 5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15 ஆம்பியர் குடிக்கும். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, இரண்டு வால்வையும் சூடாக்க மட்டும் 150 வாட் போய்விடும். பிளேட்டுக்குச் சுமார் 3,000 வோல்ட். கிரிட் சேஸிஸோடு, அதாவது தரையோடு இணைந்திருக்கும். ரேடியோவின் 100 வாட் ஃபிலமென்ட் பக்கமாக நுழையும்.

டிசைன் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது?

ஆம்ப்ளிஃபையர் டிசைன் என்றதும் பலர் வால்வைத் தேர்ந்தெடுப்பதில் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் எல்லா எண்களும் கிளைக்கும் இடம் பிளேட்டின் லோடு ரெசிஸ்டன்ஸ். முழுப் பேச்சில் மின்னழுத்தம் 2,700 வோல்ட்டாக இறங்கி, கரன்ட் 0.8 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,700-ஐ 0.8-ஆல் வகுத்து, இந்த வகை இயக்கத்துக்கான 1.7 என்ற காரணியாலும் வகுத்தால் சுமார் 2,000 ஓம். ஆன்டெனா கேபிள் கேட்பதோ 50 ஓம். இந்த 40 மடங்கு வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் ‘பை’ நெட்வொர்க். இரண்டு வேரியபிள் கன்டென்சர், நடுவில் ஒரு காயில். முன்பக்கத்தில் இருக்கும் ‘டியூன்’, ‘லோட்’ திருகுகள் அந்த இரண்டு கன்டென்சர்கள்தான்.

வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ‘க்யூ’ மதிப்பு 12. அப்படியானால் 7 மெகாஹெர்ட்ஸில் டியூன் கன்டென்சர் சுமார் 136 பிகோஃபாரட் வேண்டும். 28 மெகாஹெர்ட்ஸில் 34 போதும். இங்கேதான் சிக்கல். இரண்டு வால்வுகளின் சொந்த கெப்பாசிட்டன்ஸ் மட்டுமே சுமார் 10. வேரியபிள் கன்டென்சரை முழுக்கத் திறந்தாலும் மிச்சமிருக்கும் அளவு, வயரிங்கில் சேரும் அளவு எல்லாம் கூடினால் 34 எளிதில் தாண்டிவிடும். “கீழ் பேண்ட்ல பிரமாதம், 10 மீட்டர்ல மட்டும் பவர் வரல” என்ற புகாரின் வேர் பல நேரம் பழுதில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

டிசைனில் கண்ணுக்குப் படாத இன்னொரு பாகம் உண்டு. ஆன்டெனா முனையிலிருந்து தரைக்குப் போகும் ஒரு சாதாரண சோக் காயில். 3,000 வோல்ட்டை ஆன்டெனாவுக்குப் போகவிடாமல் தடுப்பது ஒரே ஒரு கன்டென்சர். அது ஷார்ட் ஆனால் அந்த மின்னழுத்தம் முழுதும் மொட்டைமாடிக் கம்பிக்குப் போய்விடும். சோக் இருந்தால் மின்சாரம் அதன் வழியே தரைக்குப் பாய்ந்து ஃபியூஸ் எரியும். தினசரி வேலையில் இந்தச் சோக் பேரே அடிபடாது. ஆனால் வீட்டில் சொந்தமாகக் கட்டுபவர் “இது எதுக்கு” என்று விட்டுவிடக் கூடாத பாகம் இதுதான்.

112 ஜூல்: மூடியைத் திறக்கும் முன்

எஸ்.பி.-220-ன் பவர் சப்ளையில் 200 மைக்ரோஃபாரட் கன்டென்சர்கள் எட்டு, வரிசையாக. ஒவ்வொன்றிலும் 375 வோல்ட். மொத்தமாகச் சேமிக்கப்படும் ஆற்றல் சுமார் 112 ஜூல். மருத்துவமனையில் தாறுமாறாகிப்போன இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் ஷாக், நவீன கருவிகளில் 120 ஜூல் அளவிலிருந்து தொடங்குகிறது. அங்கே அது உயிரைக் காக்கக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. இங்கே பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் காத்திருப்பது.

இதை வடிப்பதற்காக ஒவ்வொரு கன்டென்சருக்கும் குறுக்கே ஒரு 30,000 ஓம் ‘பிளீடர்’ ரெசிஸ்டர் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் 3,000 வோல்ட் 50 வோல்ட்டாக இறங்க 25 விநாடி போதும். ஆனால் அரை நூற்றாண்டு சூட்டில் வெந்த ரெசிஸ்டர்களில் ஒன்று அறுந்திருந்தால்? மற்ற ஏழும் வடிந்துவிடும், அந்த ஒரு கன்டென்சர் மட்டும் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். மொத்த வரிசையின் இரு முனையையும் ஷார்ட் செய்தால்கூட அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருக்க முடியும். மூடியைத் திறந்தால் உயர் மின்னழுத்தத்தைத் தரையோடு இணைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் கையை விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே நடைமுறை இப்படி இருக்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குவது. சில நிமிடம் காத்திருப்பது. நீளமான காப்புக் கைப்பிடி கொண்ட ஷார்ட்டிங் குச்சியால் உயர் மின்னழுத்த முனையைத் தரையோடு தொடவைப்பது. பிறகு ஒவ்வொரு கன்டென்சரையும் தனித்தனியாக மீட்டரில் பார்ப்பது. தனியாக வேலை செய்யாமல், ஷாக் அடித்தால் மெயினை அணைக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது. 600 அல்லது 1,000 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் சாதாரண மல்டிமீட்டரை ஓடும் 3,000 வோல்ட்டில் வைக்கவே கூடாது. அதற்கென்று தனி உயர் மின்னழுத்த புரோப் உண்டு. இவை பயமுறுத்துவதற்குச் சொல்லப்படுபவை அல்ல. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் இந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது, அவ்வளவுதான்.

இதே பிளீடர்களில் ஒரு டிசைன் பாடமும் ஒளிந்திருக்கிறது. எட்டும் சேர்ந்து எப்போதும் 37 வாட் வெப்பத்தைக் கன்டென்சர்கள் பக்கத்திலேயே கக்கும். அதைக் குறைக்க 1,00,000 ஓம் ரெசிஸ்டர் போடுபவர்கள் உண்டு. சூடு 11 வாட்டாகக் குறையும். கன்டென்சர்களின் ஆயுள் கூடும். ஆனால் வடியும் நேரம் 25 விநாடியிலிருந்து 80 விநாடியைத் தாண்டும். எது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம், மாற்றியவர் புது நேரத்தைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டினால். எழுதாமல் விட்டால், அடுத்து திறப்பவருக்கு அது கண்ணி.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நல்ல மருத்துவர் முதலில் ஸ்கேன் எழுதுவதில்லை, நாடி பார்க்கிறார். இந்தப் பெட்டியின் நாடி அதன் முன்பக்க மீட்டர்களில் இருக்கிறது.

உயர் மின்னழுத்தமே வரவில்லையா? வால்வுக்கு இதில் சம்பந்தம் குறைவு. ஸ்விட்ச், டயோடு, மூடியின் பாதுகாப்பு ஏற்பாடு என்று போக வேண்டும். ஆன் செய்ததும் பிரேக்கர் விழுந்தால் டயோடோ கன்டென்சரோ ஷார்ட். எட்டு கன்டென்சர்களும் நாலு நாலாகப் பிரிந்து ஒவ்வொரு பாதியும் 1,500 வோல்ட் தாங்குகின்றன. ஒரு பாதியில் ஒன்று ஷார்ட் ஆனால் மிச்ச மூன்றும் ஆளுக்கு 500 வோல்ட் சுமக்க வேண்டும். அவற்றின் வரம்போ 450. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படுவது ஏன் தவறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். மாற்றினால் எட்டையும் மாற்ற வேண்டும்.

மின்னழுத்தம் இருக்கிறது, பேச்சு பட்டனை அழுத்தினால் பிளேட் கரன்ட் ஏறவே இல்லையா? ரிலேவின் முனைகள், பயஸ் கொடுக்கும் 5.1 வோல்ட் ஜீனர் டயோடு, ஃபிலமென்ட் இணைப்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஜீனர் அறுந்தால் கரன்ட் ஓடாது. அதே ஜீனர் ஷார்ட் ஆனால் நேர்மாறு. 3,000 வோல்ட்டில் ஒரு வால்வு சும்மா நிற்கும்போதே சுமார் 160 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதாவது 480 வாட் சூடு. அந்த வால்வின் தாங்கும் வரம்பு 500. சில நூறு ரூபாய் பாகம் ஒன்று, இரண்டு வால்வுகளையும் விளிம்பில் நிறுத்திவிடும்.

கிரிட் கரன்ட் எகிறுகிறதா? முதலில் சந்தேகிக்க வேண்டியது லோட் திருகை. ஆன்டெனா பக்கம் போதுமான அளவு பவரை எடுக்காவிட்டால் கிரிட் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். பெட்டியில் பழுதே இல்லை, பழுது டியூனிங்கில்.

பவர் மெல்லக் குறைகிறதா? எல்லோரும் “எமிஷன் போச்சு” என்று சொல்லும் இடம் இதுதான். ஃபிலமென்ட் மின்னழுத்தத்தைச் சாக்கெட் முனையிலேயே அளந்தவர் எத்தனை பேர்? 15 ஆம்பியர் ஓடும் இடத்தில், துருப்பிடித்த சாக்கெட் 0.02 ஓம் தடை கொடுத்தாலே 0.3 வோல்ட் தொலைந்துபோகும். 5 வோல்ட்டுக்கு 4.7 வோல்ட்தான் கிடைக்கும். குறை வால்வில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில். தொலைந்த அந்த மின்சாரம் சாக்கெட்டில் 4.5 வாட் சூடாக மாறி, துருவை இன்னும் வளர்க்கும்.

‘டப்’ என்று சத்தம் வந்து நின்றுபோனதா? கிரிட்டைத் தரையோடு இணைக்கும் சின்ன சோக்குகளையும், பிளேட் முனையில் இருக்கும் சப்ரஸர் ரெசிஸ்டர்களையும் பார்க்க வேண்டும். கருகியிருந்தால் உள்ளே மின்பொறி பாய்ந்ததற்கு அவை சாட்சி. பொறிக்குக் காரணம் வால்வுக்குள் புகுந்த வாயுவா, வி.ஹெச்.எஃப். அலைவரிசையில் தானாகக் கிளம்பும் ஊசலாட்டமா என்பதில் ஹாம்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. எந்தக் கட்சியானாலும் ஒரு விஷயத்தில் நஷ்டமில்லை: உயர் மின்னழுத்தப் பாதையில் சில பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது. அடுத்த பொறி பாயும்போது அது கரன்ட்டைக் கட்டுப்படுத்தி மற்ற பாகங்களைக் காப்பாற்றும்.

வால்வு எப்போது உண்மையிலேயே குற்றவாளி?

வால்வு சாகாது என்று இதற்கு அர்த்தமில்லை. பெட்டியை அணைத்து, வால்வைக் கழற்றி, ஓம் மீட்டரில் ஃபிலமென்ட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே தொடர்பு தெரிந்தால் அது முடிந்தது. கண்ணாடிக்கு உள்ளே காற்று போயிருந்தால் அதுவும் முடிந்தது. ஃபேன் நின்று சூடேறிப்போய், பின்களில் இருந்த சால்டர் உருகி வெளியே வந்திருப்பதும் உண்டு. இதை மறுபடி சால்டர் வைத்தே பலர் மீட்டிருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொரு குணம் இருக்கிறது. 3-500 இசட் வால்வில் மிச்சசொச்ச வாயுவை உறிஞ்சும் பூச்சு பிளேட்டிலேயே இருக்கிறது. பிளேட் மங்கலான சிவப்பில் ஒளிரும் அளவுக்குச் சூடானால்தான் அது வேலை செய்யும். வேலையின் நடுவே பிளேட் சிவப்பதைப் பார்த்துப் பயந்து அணைப்பவர், வால்வுக்குத் தேவையான வைத்தியத்தையே நிறுத்துகிறார். பத்து வருடம் அலமாரியில் ‘பத்திரமாக’ இருந்த ஸ்பேர் வால்வு, போட்டதும் பொறி பறப்பதற்கும் காரணம் இதுவே. பத்திரமாக வைப்பது என்றால் அவ்வப்போது எடுத்து ஓட்டுவது.

புது ரேடியோ, பழைய பெட்டி

இளைஞர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. எஸ்.பி.-220-ன் ரிலேவை இயக்கும் கம்பியில் 100 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். அந்தக் காலத்து ரேடியோக்களில் அங்கே ஒரு இரும்பு ரிலே இருந்தது, தாங்கியது. இன்றைய ரேடியோவில் இருப்பது குறைந்த மின்னழுத்தத்துக்கான சின்ன டிரான்சிஸ்டர். நேராக இணைத்தால் ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்றும் ஆகாது, புது ரேடியோதான் பலியாகும். நடுவில் ஒரு எளிய இன்டர்ஃபேஸ் சர்க்யூட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு, இணைப்பதற்கு முன்பே அந்தக் கம்பியில் என்ன நிற்கிறது என்று அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

‘டிரான்சிஸ்டர் இருக்கே, எதுக்கு இந்த வம்பு?’

நியாயமான கேள்வி. இன்று எல்.டி.மாஸ் வகை டிரான்சிஸ்டர் ஒன்று, 50 வோல்ட்டில், ஒற்றை ஆளாக 1,000 வாட்டுக்கு மேல் கொடுக்கும். சூடாகக் காத்திருக்க வேண்டாம். திருகு திருப்ப வேண்டாம். 3,000 வோல்ட்டும் இல்லை. தினமும் ஆன் செய்து பேசுவதுதான் நோக்கம் என்றால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். வால்வில் ஏதோ மாயம் இருக்கிறது என்பதெல்லாம் பழம்பெருமை. வால்வுகள் கிடைப்பதும் சுருங்கிவிட்டது.

ஆனால் இரண்டும் தோற்கும் விதம் வேறு. ஆன்டெனா கழன்ற நிலையில் டிரான்சிஸ்டருக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பாதுகாப்பு சர்க்யூட் முந்தாவிட்டால் கதை முடிந்தது. வால்வோ சிவந்து காட்டும், மீட்டரை ஆட்டும், சத்தம் போடும். தவறைத் திருத்திக்கொள்ளச் சில விநாடி அவகாசம் தரும். அந்த அவகாசத்தில்தான் கற்றல் நடக்கிறது. எந்தப் பாகமும் கறுப்பு சிப்புக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் பள்ளிக்கூட ஓம் விதியை வைத்தே சரிபார்க்கலாம். அறிகுறி, ஊகம், அளவீடு, முடிவு என்ற வரிசையை ஒருமுறை இதில் பழகியவர், சர்வர் படுத்தாலும் இன்வெர்ட்டர் படுத்தாலும் முதல் வேலையாக “எதை மாத்தலாம்” என்று கேட்க மாட்டார். “எதை அளக்கலாம்” என்றுதான் கேட்பார்.

ஆகவே ஆர்வம் உள்ளவர் செய்ய வேண்டியது தெளிவு. முதலில் உரிமத் தேர்வு, பிறகு நல்ல ஆன்டெனா. அதற்கப்புறமும் ஆசை இருந்தால், அனுபவமுள்ள ஒரு ஹாமின் மேஜையில் உட்கார்ந்து, அவர் பழைய பெட்டி ஒன்றைத் திறப்பதைப் பார்ப்பது. வருடக்கணக்கில் தூங்கிய பெட்டி என்றால் நேராக மெயினில் செருகாமல், நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் வழியாக எழுப்புவது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நல்ல சகுனம். பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். அளந்த ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுவது. இன்று ஒழுங்காக ஓடும்போது எழுதிவைத்த எண்தான், நாளை நின்றுபோகும் நாளில் எது மாறியிருக்கிறது என்று காட்டும். அந்த நோட்டு கையில் இருந்தால், புது வால்வுக்கு ஆர்டர் போடும் அவசியம் பல நேரம் வராது.